ஏரிக்கரை மேடுகள்: இறங்கும் வழி, மண்ணரிப்புத் தடுப்பு, உயிர்களின் வாழிடம் மூன்றையும் ஒரே திட்டத்தில் சேர்ப்பது எப்படி?

ஏரிவழி எழுதியது:

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள களிமண் மேட்டின்மேல் அமைந்த ஒரு பொதுப் பூங்காவுக்கான திட்ட வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும் குடிமக்கள் குழுவில் நான் இருக்கிறேன். வரைவில் மூன்று அத்தியாயங்கள் உள்ளன. முதலாவது, மக்கள் கரைக்கு இறங்குவதற்கான படிக்கட்டுகளைப் பற்றியது. இரண்டாவது, மேட்டின் அடியில் பெருங்கற்களைக் கொட்டி அரிப்பைத் தடுப்பது பற்றியது. மூன்றாவது, சரிவில் வாழும் செடிகளையும் பறவைகளையும் காப்பது பற்றியது. மூன்றையும் மூன்று குழுவினர் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள் என்பது வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. தகைவிலான் குருவிகளின் வளைகள் இருப்பதாக மூன்றாவது அத்தியாயம் குறித்திருக்கும் அதே இடத்தில்தான் முதல் அத்தியாயத்தின் படிக்கட்டு இறங்குகிறது. இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் சரிவில் செடி நடச் சொல்கிறார்கள். கல் அடுக்கு பூங்காவின் எல்லைவரை இழுக்கப்பட்டு அங்கே சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருக்கும் கரைக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய மேட்டுக்குத் திட்டம் போடுபவர்கள் படிக்கட்டிலிருந்தோ கல்லிலிருந்தோ தொடங்கக்கூடாது. தண்ணீரும் மணலும் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்தபிறகு, மக்கள் எங்கே இறங்கலாம், எங்கே கரையைப் பிடித்து நிறுத்த வேண்டும், எங்கே அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்ற மூன்று முடிவுகளும் ஒன்றோடொன்று மோதாமல் வந்து அமையும்.

ஏரியின் நீர்மட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலில் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதம் போன்ற ஒன்று இங்கே பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. ஒன்றோடொன்று இணைந்து ஒரே மட்டத்தில் நிற்கும் மிச்சிகன், ஹூரான் ஏரிகளின் நீர்மட்டம் ஆண்டுக்கணக்கில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் ஏறும். 2013 ஜனவரியில் அது பதிவிலேயே மிகக் குறைந்த நிலையை, கடல்மட்டத்துக்கு மேல் 175.57 மீட்டரை, தொட்டது. 2020 கோடையில் அதைவிட ஏறத்தாழ 1.9 மீட்டர் உயரத்தில் நின்றது. அந்த ஆண்டின் பல மாதங்கள் அந்தந்த மாதத்துக்கான உச்சப் பதிவை முறியடித்தன. வரைவிலுள்ள படிக்கட்டின் கடைசிப் படியோ ஒரே ஒரு நீர்மட்டத்தைக் கருதி வரையப்பட்டிருக்கிறது. அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மண்பொறியாளர் எழுதியது:

நண்பரே, தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் இரண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழிருந்து தாக்கும் ஏரித் தண்ணீரை எல்லோரும் பார்க்கிறார்கள். மேட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் நிலத்தடி நீரைப் பெரும்பாலான திட்டங்கள் பார்ப்பதே இல்லை.

இந்த மேடுகள் ஒரே சீரான மண்ணால் ஆனவை அல்ல. பனியாறுகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற களியும் கல்லும் கலந்த அடுக்குகளுக்கு நடுவே, பழைய ஏரிகள் படியவைத்த மணல் அடுக்குகள் இருக்கின்றன. மேலே பெய்யும் மழை மணலின் வழியாக எளிதில் இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் முகத்தில் கசிகிறது. கோடை நடுவில், மழையே இல்லாத நாளில், கரையில் நின்று மேட்டை நிமிர்ந்து பாருங்கள். பாதி உயரத்தில் ஒரு கறுத்த ஈரப்பட்டை கிடைமட்டமாக ஓடும். அருகில் போய்ப் பார்க்க முடிந்தால், பென்சில் நுழையுமளவு சிறிய துளைகளிலிருந்து நீரோடு நுண்மணலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருப்பது தெரியும். அந்த மணல் போகப் போக, மேலேயுள்ள களிமண் தாங்குவாரின்றி விரிசல் விட்டு, ஒருநாள் பெரும் பாளமாகக் கீழே இறங்குகிறது. குளிர்காலத்தில் இதே ஈரம் உறைந்து விரிந்து மண்ணைப் பிளப்பதும், இளவேனிலில் உருகிக் குழம்பாக வழிவதும் தனிக்கதை.

ஆகவே அடியில் கல் கொட்டிவிட்டால் மேடு நின்றுவிடும் என்பது உண்மையன்று. கல் செய்வதெல்லாம் அடிவாரம் மேலும் பின்வாங்காமல் பார்த்துக்கொள்வதுதான். அலை தொடர்ந்து அடியை அரித்ததால் செங்குத்தாகிப்போன சரிவு, அடி நிலைத்தபிறகும் தன் இயல்பான சாய்வை அடையும்வரை மேலிருந்து சரிந்துகொண்டேதான் இருக்கும். அதற்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். மண் ஆய்வு செய்யப்படாத இடங்களில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வழிகாட்டி நெறிகள், உயரம் ஒன்றுக்குக் கிடைத்தூரம் மூன்று என்ற சாய்வை நிலையான சாய்வாக எடுத்துக்கொள்கின்றன. உங்கள் 20 மீட்டர் மேட்டுக்கு அது அடிவாரத்திலிருந்து 60 மீட்டர். இப்போது சரிவு 45 பாகையில் நின்றால், விளிம்பு அடிவாரத்திலிருந்து 20 மீட்டரில்தான் இருக்கிறது. அடியில் ஒரு கைப்பிடி மண்கூட இனி அரிக்கப்படாவிட்டாலும், மேல்விளிம்பு இன்னும் 40 மீட்டர்வரை பின்னுக்குப் போக இடமுண்டு என்று எச்சரிக்கையோடு கருத வேண்டும். அதே நெறிகள் இதோடு நூறாண்டு அரிப்பையும் கூட்டச் சொல்கின்றன. ஆண்டுக்கு 30 சென்டிமீட்டர் என்றால் அது இன்னொரு 30 மீட்டர். உங்கள் வரைவில் வாகன நிறுத்தமும் கழிப்பறையும் விளிம்பிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. களிமண் கரையில் அலை மேட்டை மட்டும் அரிப்பதில்லை. நீருக்கடியில் உள்ள ஏரித்தரையையும் சீவுகிறது. மணற்கரையில் புயல் கொண்டுபோன மணலை அமைதியான காலம் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும். சீவப்பட்ட களிமண் திரும்பி வராது. தரை ஆழமாக ஆக, பெரிய அலைகள் உடையாமல் கரையை நெருங்குகின்றன. செங்குத்துச் சுவர் கட்டினால் அதில் மோதித் திரும்பும் அலை, சுவரின் காலடியிலேயே இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. சுவர் அடிபெயர்ந்து சாய்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

விளிம்பில்_வீடு எழுதியது:

மண்பொறியாளர் ஐயா சொல்வது அறிவியலின்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் விளிம்பிலிருந்து 15 மீட்டரில் வீடு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் இதைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. 2019, 2020 ஆகிய ஆண்டுகளின் இலையுதிர்காலப் புயல்களில் எங்கள் கண்முன்னே தோட்டத்தின் ஒரு பகுதி வேலியோடு சேர்ந்து கீழே போனது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, கல் கொட்டுவது ஒன்றே வழி, உடனே செய்யாவிட்டால் வீடு போய்விடும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் முன்பே கொட்டிவிட்டார். அவருடைய கல் முடியும் இடத்தில் எங்கள் கரை குடைந்ததுபோல் உள்வாங்கியிருக்கிறது. பொதுப் பூங்காவை இயற்கையின் போக்கில் விடலாம். வீட்டை எப்படி விடுவது? நாங்கள் எதைத்தான் செய்ய வேண்டும்?

மண்பொறியாளர் எழுதியது:

உங்கள் அச்சம் நியாயமானது. அதை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. உங்கள் கரை உள்வாங்கியிருப்பதற்குக் காரணம், பக்கத்துக் கல்லின் முனையில் அலை வளைந்து திரும்பி மண்ணைக் குடைவதும், அந்தக் கல்லின் பின்னால் சிறைப்பட்ட மணல் உங்கள் கரைக்கு வந்து சேராததும் ஆகும். நீங்களும் கல் கொட்டினால் அடுத்த வீட்டுக்கு இதே நிலை வரும். ஆகவே கல் தேவைப்பட்டாலும், அது தெருவிலுள்ள எல்லா வீடுகளும் கூடிப் பேசி, ஒரே அமைப்பாக, இரு முனைகளையும் படிப்படியாகத் தாழ்த்தி முடிப்பதாக இருக்க வேண்டும்.

அதற்கு முன், உங்கள் கையிலேயே இருக்கும் வேலைகளை இந்த வாரமே தொடங்கலாம். கூரைத் தண்ணீரை விளிம்பை நோக்கி விடும் குழாயைத் தெருப்பக்கம் திருப்புங்கள். புல்தரைக்குத் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இருந்தால் மேட்டுப் பக்கம் அதை நிறுத்திவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டியின் நீர் மண்ணுக்குள் பரவி இறங்கும் கசிவு வயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல் குளம் இருந்தால் அதன் கசிவையும் சோதிக்க வேண்டும். வெட்டிய புல்லையும் உதிர்ந்த இலையையும் விளிம்புக்கு அப்பால் தள்ளும் பழக்கத்தை அறவே விடுங்கள். அந்தக் குவியலுக்கு அடியில் வேர்பிடித்த செடிகள் மூச்சடைத்துச் சாக, மண் வெறுமையாகிறது. காட்சி தெரிய வேண்டும் என்று மரங்களை அடியோடு வெட்டுவதும் அப்படித்தான். கிளைகளைக் கழித்தால் போதும்.

வீட்டையே பின்னுக்கு நகர்த்துவதைத் தோல்வியாகக் கருதாதீர்கள். மிச்சிகன் மாநிலத்தில், நீண்டகாலச் சராசரியாக ஆண்டுக்கு ஓர் அடியோ அதற்கு மேலோ பின்வாங்கும் கரைகளை உயர் அரிப்பு அபாயப் பகுதிகளாக வகுத்து, எளிதில் நகர்த்தக்கூடிய சிறு கட்டடங்களுக்கு 30 ஆண்டு அரிப்பையும் பெரிய கட்டடங்களுக்கு 60 ஆண்டு அரிப்பையும் கணக்கிட்டு, அதோடு 15 அடியைக் கூட்டி, விளிம்பிலிருந்து கட்டடம் விலகி நிற்க வேண்டிய பின்தூரத்தை விதிக்கிறார்கள். நகர்த்தக்கூடிய தன்மையையே சட்டம் ஒரு தகுதியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனையில் பின்பக்கம் இடமிருந்தால், கல்லுக்கான செலவையும் நகர்த்துவதற்கான செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். கல்லுக்குப் பராமரிப்புச் செலவு முடிவதே இல்லை என்பதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தகைவிலான் எழுதியது:

நான் பறவைகளையும் கரையோரச் செடிகளையும் கவனித்து வருபவள். ஏரிவழி குறிப்பிட்ட தகைவிலான் வளைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மேட்டின் அரிப்பைத் தீமை என்று மட்டுமே கருதும் திட்டங்கள் அனைத்தும் இந்தப் பறவையிடம்தான் தவறிப்போகின்றன.

கரைகளில் வளை தோண்டிக் கூடு வைக்கும் இந்தத் தகைவிலான், பதினைந்து கிராமுக்கும் குறைவான எடையுள்ள சிறிய பறவை. தென் அமெரிக்காவிலிருந்து இளவேனிலில் வந்து, செங்குத்து மண்முகத்தின் மேற்பகுதியில், மணல் அடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே, அலகாலும் கால்களாலும் பறித்துப் பறித்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிடைமட்டமாக வளை அமைக்கிறது. களிமண் கடினம் என்பதால் அதைத் தவிர்த்துவிடுகிறது. ஆகவே வளைகளெல்லாம் மணலடுக்கை ஒட்டி நெருக்கமாக வரிசையாக இருக்கும். அதற்கு வேண்டியது அண்மையில் சரிந்து புதிதாக வெளிப்பட்ட, செடி மூடாத, அடியில் மண் குவியாத முகம். சரிவு சாய்ந்து மண் குவிந்துவிட்டால் பாம்பும் பிற வேட்டை விலங்குகளும் ஏறிவிடும். புல் மூடினால் தோண்ட முடியாது. அரிப்பு நின்ற கரை இந்தப் பறவைக்கு வீடில்லாத கரை. கனடாவில் நாற்பது ஆண்டுகளில் இதன் எண்ணிக்கை 98 சதவீதம் சரிந்துவிட்டதாக அங்கே அழிந்துவரும் உயிரினங்களை மதிப்பிடும் குழு கணித்திருக்கிறது. காரணங்கள் பல, கூடுகட்டும் கரைகளை இழப்பது அவற்றுள் ஒன்று.

அடுத்து, மண்பொறியாளர் ஐயா சொன்ன அந்த ஈரப்பட்டை. பொறியாளர்களுக்கு அது வடிகால் போட வேண்டிய இடம். எனக்கோ அது ஒரு தனி வாழிடம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த குளிர்ந்த நீர் ஆண்டு முழுவதும் கசிவதால், குதிரைவால் செடிகளும் கோரைகளும், சுற்றியுள்ள காட்டில் காணக் கிடைக்காத சில பூச்செடிகளும் அந்தப் பட்டையில்தான் வேரூன்றுகின்றன. கிடைமட்ட வடிகுழாய்களைச் செருகி அந்த நீரை இழுத்துவிட்டால் சரிவு நிலைக்கலாம். அந்தச் செடிகள் இரண்டொரு கோடையில் போய்விடும். இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மண்பொறியாளர் எழுதியது:

அம்மா, இந்தக் கேள்விக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. நான் கடைப்பிடிப்பது இந்த வரிசை: மனிதர்கள் கூடுதலாகச் சேர்த்த நீரை முதலில் நிறுத்த வேண்டும். கூரை, வாகன நிறுத்தம், புல்தரைப் பாசனம் ஆகியவற்றிலிருந்து வரும் அந்த நீர் இயல்பான ஊற்றுக்கசிவின் பகுதி அன்று. அதை அகற்றினால் உங்கள் செடிகளுக்கு இழப்பில்லை. அதற்குப் பிறகும் மேலே காக்கப்பட வேண்டிய கட்டடமோ சாலையோ இருந்தால் மட்டுமே, அந்தக் குறுகிய நீளத்துக்கு மட்டும் வடிகுழாய் போடலாம். காலியான பூங்கா நிலத்துக்குக் கீழே வடிகுழாய் போடுவது எதையும் காக்காத செலவு.

மணல்தடம் எழுதியது:

மணலின் கணக்கைப் பற்றி யாரும் இன்னும் போதுமான அளவு பேசவில்லை. தமிழ் வாசகர்களில் பலருக்கும் பெயரளவிலாவது தெரிந்த ஸ்கார்பரோ மேடுகளையே எடுத்துக்கொள்வோம். ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள அவை, உயரமான இடத்தில் நீர்மட்டத்துக்கு மேல் 90 மீட்டர் நிற்கின்றன. அந்த மேடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்ட மண்ணில், நுண்ணிய களி ஆழத்துக்குப் போய்விட, மணல் மட்டும் கரையோர நீரோட்டத்தோடு மேற்கே நகர்ந்து சேர்ந்ததுதான் இன்றைய டொராண்டோ தீவுகள். அவை முதலில் தீவுகள் அல்ல. நிலத்தோடு ஒட்டிய மணல்நாக்கு. 1858ஆம் ஆண்டின் புயல் ஒன்று அதைத் துண்டித்தது.

அதன்பின் மேட்டின் அடிவாரத்தில் நீண்ட தூரத்துக்குக் கல் கொட்டினார்கள். லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட் என்னும் நீண்ட மண்மேட்டையும் ஏரிக்குள் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு நீட்டினார்கள். மணலின் பிறப்பிடமும் பாதையும் அடைபட்டதால், தீவுகளின் கரைகளைச் செயற்கையாகக் காத்து நிற்க வேண்டிய நிலை வந்தது. மேட்டை நிறுத்தினால் கடற்கரை போன்ற அந்த மணற்கரை பட்டினி கிடக்கும். மணற்கரை மெலிந்தால் அலை நேராக மேட்டின் அடியைத் தொடும். ஏரிவழியின் வரைவில் இந்தச் சுழல் எங்காவது வரையப்பட்டிருக்கிறதா? மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் நிகர மணல் நகர்வு தெற்கு நோக்கியது. ஒவ்வொரு துறைமுகச் சுவரின் வடக்கே மணல் குவிவதையும் தெற்கே கரை தேய்வதையும் வான்வழிப் படங்களில் எவரும் காணலாம். தமிழ்நாட்டுக் கரையோரச் செய்திகளில் தூண்டில் வளைவுகளைப் பற்றி நாம் படிக்கும் அதே சிக்கல்தான் இது.

சக்கரநாற்காலிப்_பயணி எழுதியது:

முதல் அத்தியாயம் "அனைவருக்கும் கரை" என்று தொடங்குவதாக இருந்தால், அது படிக்கட்டோடு முடியக்கூடாது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அளவுகோல்படி சாய்தளம் 12 பங்கு நீளத்துக்கு 1 பங்குக்கு மேல் உயரக்கூடாது. ஒவ்வொரு 76 சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஒரு சமதளம் வேண்டும். 20 மீட்டர் மேட்டுக்குச் சாய்தளம் மட்டுமே 240 மீட்டர். சமதளங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 280 மீட்டர். இத்தனை நீளக் கட்டுமானத்தை நகரும் சரிவின்மீது மடித்து மடித்துப் போடுவது மேட்டுக்கும் கேடு, எங்களுக்கும் ஆபத்து. 20க்கு 1 என்ற மென்மையான பாதையாக்கினால் 400 மீட்டர் வேண்டும். மேட்டின் முகத்தில் அதற்கு இடமில்லை. மேட்டை வெட்டிக்கொண்டு ஏரிக்கு இறங்கும் ஓடைப் பள்ளங்களில் இடமுண்டு.

இல்லினாய் மாநிலத்தில், 1993இல் மூடப்பட்ட ஃபோர்ட் ஷெரிடன் படைமுகாமின் நிலத்தில் அமைந்த ஓபன்லேண்ட்ஸ் ஏரிக்கரைக் காப்பகத்தில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். பார்ட்லெட் பள்ளத்தின் வழியே முன்பே இருந்த சாலைத்தடத்தை நடைபாதையாக்கிக் கரைவரை கொண்டுபோயிருக்கிறார்கள். புதிதாக எதையும் வெட்டவில்லை என்பதே அதன் சிறப்பு. உங்கள் பூங்காவின் எல்லைக்குள் பழைய வண்டித்தடமோ, குழாய் பதித்த தடமோ, படகு இறக்கிய தடமோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கரைக்கே இறங்க வழியில்லாவிட்டால், விளிம்பிலிருந்து பாதுகாப்பான தூரத்தில், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தைக் கைப்பிடிக் கம்பி மறைக்காத ஒரு காட்சிமேடையாவது வேண்டும். நாற்காலியில் இருப்பவருக்குக் கம்பிதான் தெரிகிறது, ஏரி தெரிவதில்லை. எத்தனையோ இடங்களில் இப்படித்தான்.

சட்டம்_படிப்பவர் எழுதியது:

இறங்கியபின் எங்கே நடக்கலாம் என்பதையும் திட்டம் சொல்ல வேண்டும். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சிகாகோ ஏரிமுகம் தொடர்பான இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே வழக்கில், ஏரியின் அடிநிலத்தை மாநிலம் மக்களுக்கான அறங்காவலராக வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை வலியுறுத்தியது. அந்த அறங்காவல் கரையில் எந்தக் கோடுவரை எட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு. மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 2005இல், வழக்கமான உயர்நீர்க் குறிவரை, அதாவது நீர் வழக்கமாக எட்டித் தடம் விட்டுச்செல்லும் கோடுவரை, மக்கள் நடந்து செல்லலாம் என்று தீர்ப்பளித்தது. இந்தியானாவில் 2018இல், அந்தக் குறிவரையுள்ள நிலம் மாநிலத்துக்கே உரியது என்று தீர்ப்பானது. விஸ்கான்சினில் தனியார் கரையைக் கடப்பவர் நீரில் கால் நனைய நடக்க வேண்டும் என்பதே நடைமுறை.

பூங்காவின் இரு பக்கமும் தனியார் மனைகள் இருந்தால், கல் அடுக்கு நீர்விளிம்புவரை வந்துவிடும் இடத்தில், சட்டப்படி உரிமை இருந்தும் கால் வைக்க இடமிருக்காது. கல் கொட்டும் அனுமதியிலேயே மக்கள் கடந்துசெல்லும் மேற்பாதை ஒன்றை நிபந்தனையாகக் கேளுங்கள். நீருக்குள் வைக்கும் எந்தக் கட்டுமானத்துக்கும் 1899, 1972 ஆண்டுகளின் கூட்டாட்சிச் சட்டங்களின்கீழ் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி தேவைப்படும் என்பதால், கேட்பதற்கு உரிய தருணமும் அதுவே.

ஏரிவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மண்பொறியாளர் ஐயாவிடம் இன்னொரு கேள்வி. கரையைப் பிடித்து நிறுத்தியே ஆக வேண்டிய ஒரு சிறு பகுதி எங்களுக்கும் உண்டு. அதன் மேலே குடிநீர் ஏற்றும் நிலையம் இருக்கிறது. அதை நகர்த்த முடியாது. அங்கே கல் அடுக்கைத் தவிர வேறு வழி உண்டா?

மண்பொறியாளர் எழுதியது:

உண்டு, ஆனால் எதுவும் விலையில்லாமல் வராது. கரைக்குச் சற்றுத் தள்ளி, நீருக்குள் இடைவெளி விட்டுவிட்டு அமைக்கும் அலைத்தடுப்புத் திட்டுகள் ஒரு வழி. அவற்றின் பின்னால் அலை தணிவதால் மணல் தங்குகிறது. இடைவெளிகளின் வழியே நீரும் மீனும் போய்வரும். இல்லினாய் பீச் மாநிலப் பூங்காவில் இத்தகைய 22 திட்டுகளை ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் கரைக்கு அமைத்திருக்கிறார்கள். அது மேடன்று, தாழ்ந்த மணற்கரை. ஆயினும் கொள்கை ஒன்றே. மறக்கக்கூடாத நிபந்தனை, திட்டுகள் எவ்வளவு மணலைப் பிடித்துவைக்குமோ அவ்வளவு மணலை முதல் நாளே வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்ப வேண்டும் என்பது. நிரப்பாவிட்டால், அந்த மணலை அவை தெற்கேயுள்ள கரையிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

கூழாங்கல் கரை இன்னொரு வழி. பெருங்கல்லை அசையாமல் அடுக்குவதற்குப் பதிலாக, உருண்டையான சிறுகற்களைக் கரையில் குவித்து, அலை தன் விருப்பப்படி அவற்றைச் சாய்த்து அடுக்கிக்கொள்ள விடுவது. புயலுக்குப் பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொட்டி நிரப்ப வேண்டும். மக்கள் அதன்மேல் நடக்கலாம், உட்காரலாம். உங்கள் நிலையத்துக்குக் கீழே, அடியாழத்தில் பெருங்கல்லும் அதற்கு முன்னால் கூழாங்கல்லுமாகச் சேர்த்து வைப்பதை ஆராயச் சொல்லுங்கள்.

தகைவிலான் எழுதியது:

கல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெருங்கற்களின் இடுக்குகள் மீன்களுக்கு நல்ல புகலிடம் என்று சில அறிக்கைகள் மகிழ்ச்சியோடு எழுதுகின்றன. அந்தப் புகலிடத்தை முதலில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியிலிருந்து கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் எடைநீரோடு வந்துசேர்ந்த உருண்டை கோபி மீன்தான். அது பிற மீன்களின் முட்டைகளைத் தின்னக்கூடியது. மணலும் சிறுகல்லுமாக இருந்த ஆழமற்ற கரையைப் பெருங்கல்லாக மாற்றும்போது யாருக்கு வீடு கட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

செடி நடுவதைப் பற்றியும் சொல்கிறேன். இன்னும் நகரும் சரிவில் நட்டால் நாற்றும் உழைப்பும் வீண். ஆழத்தில் வழுக்கிச் செல்லும் மண்பாளத்தை வேர்கள் பிடித்து நிறுத்தா. மேற்பரப்பு மண் கழுவிப் போவதை மட்டுமே அவை தடுக்கும். ஆகவே முதலில் நட வேண்டியது விளிம்புக்குப் பின்னால் உள்ள சமதளத்தில். மொட்டையாக வெட்டிய புல்தரைக்குப் பதிலாக, ஆழமாக வேர்விடும் உள்நாட்டுப் புல்வகைகளும் குறுஞ்செடிகளும் கொண்ட பத்துப் பதினைந்து மீட்டர் அகலப் பட்டை இருந்தால், மழைநீரை அது உறிஞ்சும், மண்ணைப் பிடிக்கும், மக்களையும் விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தும். காட்டு ரோஜா போன்ற முள்ளுள்ள புதர்களை விளிம்போரம் வளர்த்தால் கம்பிவேலி வேண்டியதில்லை. ஓடைப் பள்ளங்களில் ஐரோப்பிய பக்தார்ன் புதர் அடர்ந்திருந்தால் அதை அகற்றுவது மிக அவசரம். அதன் நிழலில் தரையில் எதுவும் முளைக்காமல் வெறும் மண்ணாகி, ஒவ்வொரு மழையும் அதைக் கழுவிக்கொண்டு போகிறது. ஆனால் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். பகுதி பகுதியாக வெட்டி, உடனுக்குடன் விதைத்துக்கொண்டே போக வேண்டும்.

மக்கள் தாமே உண்டாக்கும் ஒற்றையடித் தடங்களை அலட்சியம் செய்யாதீர்கள். இருபது பேர் இறங்கிய தடம் அடுத்த மழையில் வாய்க்கால் ஆகிறது. ஸ்கார்பரோவில் வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போய்ச் சிக்கிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்கும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. "இறங்காதே" என்ற பலகையை விட, நடக்கும் தூரத்தில் ஒரு நல்ல இறங்கு வழி இருப்பதே அந்தத் தடங்களைக் குறைக்கும்.

ஏரிவழி எழுதியது:

குழுவுக்கு நான் எழுதி அனுப்பப்போவதை இங்கே வைக்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

கரையை மூன்று நீளங்களாகப் பிரிக்கச் சொல்கிறேன். குடிநீர் நிலையத்துக்குக் கீழேயுள்ள பகுதியை நிறுத்திப் பிடிக்க வேண்டும். கூழாங்கல் கரையையும் முன்கூட்டிய மணல் நிரப்பலையும் அங்கே ஆராய வேண்டும். வடக்கேயுள்ள மேட்டை, தகைவிலான் வளைகள் உள்ள பகுதியையும் சேர்த்து, அதன் போக்கில் சரிய விட வேண்டும். அங்கே படிக்கட்டும் வேண்டாம், வடிகுழாயும் வேண்டாம். மேலேயுள்ள வாகன நிறுத்தத்தை இப்போதே பின்னுக்கு நகர்த்த வேண்டும். தெற்கே உள்ள ஓடைப் பள்ளத்தில் ஒரு பழைய வண்டித்தடம் இருப்பதாக நிலவரைபடம் காட்டுகிறது; இறங்கு வழி அங்கே மட்டும், நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும் சாய்வில் அமைய வேண்டும். பள்ளத்துக்குள் மழைநீரைக் கொட்டும் தெருவடிகாலை முதலில் சீர்செய்யாவிட்டால் அந்தப் பாதை நிலைக்காது என்பதையும் சேர்க்கிறேன். பாதையின் கடைசிப் பகுதி, 2013இன் மட்டத்துக்கும் 2020இன் மட்டத்துக்கும் ஈடுகொடுக்கும் வகையில், கழற்றி நகர்த்தக்கூடிய தளமாக இருக்க வேண்டும். வேலை நடக்கும் மாதங்கள் மே தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரையிலான கூடுகட்டும் காலத்தைத் தவிர்க்க வேண்டும்.

விளிம்பில்_வீடு எழுதியது:

தெருவிலுள்ள ஏழு வீட்டாரையும் கூட்டிப் பேச ஏற்பாடு செய்திருக்கிறேன். பூங்காக்களின் திட்டங்களும் தனியார் கரைகளின் திட்டங்களும் ஒரே மணலைப் பகிர்ந்துகொள்வதால், இத்தகைய கூட்டங்களுக்குப் பூங்காக் குழுக்களிலிருந்தும் ஒருவர் வருவது நல்லது என்று ஏரிவழி அவர்களின் குறிப்பில் ஒரு வரி சேர்க்க முடியுமா?

ஏரிவழி எழுதியது:

கட்டாயம் சேர்க்கிறேன். தென்பக்க மனைகளின் உரிமையாளர்களை அழைக்காமல் கல்லைப் பற்றி முடிவெடுக்கக்கூடாது என்பதையே தனி நிபந்தனையாக எழுதிவிடுகிறேன்.

மண்பொறியாளர் எழுதியது:

குறிப்பு நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வரைவில் தரப்பட்டிருக்கும் ஆண்டு அரிப்பு வீதம் எந்த ஆண்டுகளை வைத்துக் கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். நீர்மட்டம் தாழ்ந்திருந்த 2000 முதல் 2013 வரையிலான காலத்தை மட்டும் எடுத்திருந்தால் வீதம் மிகவும் குறைவாகவே தெரியும். 2014 முதல் 2020 வரை மட்டும் எடுத்திருந்தால் அளவுக்கு மீறித் தெரியும். 1930களின் இறுதியிலிருந்து எடுக்கப்பட்ட வான்வழிப் படங்கள் பல மாவட்டங்களுக்குக் கிடைக்கின்றன. உயர்ந்த காலத்தையும் தாழ்ந்த காலத்தையும் சேர்த்து உள்ளடக்கும் நீண்ட தொடரைக் கேட்டு வாங்க வேண்டும். இனிமேலான அளவீட்டுக்கு, விளிம்பிலிருந்து நன்றாகப் பின்னே, அசையாத இடத்தில் அளவைக் கற்களை நட்டு, ஆண்டுக்கு இருமுறை, பனி உருகியபின் ஒருமுறையும் இலையுதிர்காலப் புயல்கள் ஓய்ந்தபின் ஒருமுறையும், விளிம்புவரையுள்ள தூரத்தை அளந்து பதிவு செய்யுங்கள். கரையோரப் பனிக்கட்டி சில குளிர்காலங்களில் உருவாகாமலே போவதால் குளிர்கால அலைகளும் இப்போது மேட்டைத் தொடுகின்றன. இளவேனில் அளவீடு அதனால் மிகவும் முக்கியம். பெருமழைக்குப் பின் ஈரப்பட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.